கட்சியில் இல்லாதவர் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குப் போவது எப்படி?

கம்யூனிஸ்ட் கட்சி மாநாடு என்றால் கட்சிக்காரர்கள் மட்டும் போகிற இடம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது பாதிதான் உண்மை. நடுவில் ஒரு அரங்கம் கதவு மூடிக் கிடக்கும். அதைச் சுற்றி நடப்பதெல்லாம் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று திறந்தே இருக்கும்.

இந்தக் கட்சிகள் மேல் நம்பிக்கை இல்லாதவர்கள் அல்லது அரைகுறை நம்பிக்கை உள்ளவர்கள், ஆனால் தொலைக்காட்சி விவாதத்தை மட்டும் பார்த்து ஒரு முடிவுக்கு வர விரும்பாதவர்கள், இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நானும் அந்த வகைதான். உதாரணத்துக்கு 2025 ஏப்ரல் 2 முதல் 6 வரை மதுரை தமுக்கத்தில் நடந்த மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் (சிபிஎம்) 24ஆவது அகில இந்திய மாநாட்டை எடுத்துக்கொள்கிறேன். மாநில மாநாடு, மாவட்ட மாநாடு, இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி (சிபிஐ) மாநாடு என எதற்குப் போனாலும் ஏறக்குறைய இதே வழிமுறைதான்.

எங்கே போகலாம், எங்கே முடியாது

முதலில் நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். கொடியேற்றம், தியாகிகளுக்கு அஞ்சலி, கருத்தரங்கம், கண்காட்சி, புத்தகக் கடை, மாலைக் கலைநிகழ்ச்சி, கடைசி நாள் செந்தொண்டர் (சீருடை அணிந்த கட்சித் தொண்டர்கள்) அணிவகுப்பு, பொதுக்கூட்டம் ஆகிய எல்லாவற்றுக்கும் தாராளமாகப் போகலாம். பிரதிநிதிகள் மாநாட்டுக்குப் போக முடியாது. மதுரையில் எண்ணூறு சொச்சம் பேர் கழுத்தில் அட்டையுடன் அந்த அரங்குக்குள் இருந்தார்கள். பத்திரிகையாளர்களுக்கே தொடக்க நிகழ்ச்சி வரைதான் அனுமதி, அப்புறம் தினமும் ஒரு செய்தியாளர் சந்திப்பு.

வாசலில் 'நான் ஒரு பார்வையாளர்' என்று சொல்லிவிடாதீர்கள். பார்வையாளர் என்று கட்சியே தேர்ந்தெடுத்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் அட்டை உண்டு. 'பொதுமக்கள், கண்காட்சி பார்க்க வந்தேன்' என்றால் வழி காட்டுவார்கள்.

கதவு மூடியிருப்பதைப் பார்த்ததும் 'ஏதோ மறைக்கிறார்கள்' என்று தோன்றும். தோன்றட்டும். ஆனால் உள்ளே நடப்பது வெளியில் தடயம் விடாமல் போவதில்லை. அந்தத் தடயங்களைத் தேடத் தெரிந்துகொண்டால் மேடைக்கு எதிரே உட்கார்ந்து கை தட்டுகிறவரைவிட உங்களுக்கு அதிகம் புரியும்.

போவதற்கு முன்: நகல் தீர்மானம்

இந்த வேலையைச் செய்யாமல் போனால் வெயிலில் நின்று சிவப்புக் கொடி பார்த்ததுதான் மிச்சம்.

அகில இந்திய மாநாடு வழக்கமாக மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும். அதற்கு இரண்டு மாதம் முன்பு மத்தியக் குழு நகல் அரசியல் தீர்மானத்தை, அதாவது மாநாடு விவாதித்து ஏற்கப்போகும் அரசியல் நிலைப்பாட்டின் வரைவை, வெளியிட வேண்டும் என்பது மார்க்சிஸ்ட் கட்சியின் அமைப்புச் சட்ட விதி. எந்தக் கிளையும் எந்த உறுப்பினரும் அதற்குத் திருத்தம் அனுப்பலாம். மதுரை மாநாட்டுக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட திருத்தங்கள் வந்தன. ஏற்கப்பட்டவை நூற்றுச் சொச்சம்தான். நகலைத் தமிழில் சின்னப் புத்தகமாகவே போடுவார்கள். வாசிக்கச் சுகமாக இருக்காது என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன். பத்தி பத்தியாக எண் போட்டு, 'ஏகாதிபத்தியத்தின் முரண்பாடுகள் கூர்மையடைந்துள்ள சூழலில்' என்கிற பாணியில் போகும். முதலில் வரும் சர்வதேச நிலைமையை வேகமாகப் புரட்டிவிடுங்கள். மூன்று இடங்களில் மட்டும் நிதானியுங்கள்: ஆளுங்கட்சியை எப்படி வர்ணிக்கிறார்கள், யாருடன் சேரலாம் என்கிறார்கள், தங்கள் பலவீனத்தை எப்படி ஒப்புக்கொள்கிறார்கள்.

இந்தக் கட்சிகளில் சண்டை சொற்களில்தான் நடக்கும். 2018 ஹைதராபாத் மாநாட்டின் நகலில், காங்கிரசுடன் புரிந்துணர்வோ தேர்தல் கூட்டணியோ கிடையாது என்கிற பொருளில் ஒரு வரி இருந்தது. உள்ளே காரசாரமாக விவாதித்துவிட்டு வெளியே வந்தபோது 'அரசியல் கூட்டணி கிடையாது' என்று அது மாறியிருந்தது. அந்த வரியிலிருந்து புரிந்துணர்வு என்ற சொல் போயேபோய்விட்டது. முன்னாள் பொதுச்செயலாளர் பிரகாஷ் காரத் தரப்புக்கும் அப்போதைய பொதுச்செயலாளர் சீத்தாராம் யெச்சூரி தரப்புக்கும் நடந்த இழுபறியின் முடிவு அந்த ஒரு சொல்லில் இருந்தது. அடுத்த ஆண்டே தமிழ்நாட்டில் திமுக, காங்கிரஸ் இருந்த அணியில் நின்று மதுரையையும் கோவையையும் வென்றார்கள்.

மதுரை மாநாட்டுக்கு முன்பும் இப்படி ஒன்று நடந்தது. நகல் தீர்மானம் மோடி அரசிடம் நவபாசிச (புதுவகைப் பாசிச) குணாம்சங்கள் தெரிவதாகச் சொன்னது, ஆனால் அதைப் பாசிச அரசு என்று சொல்லவில்லை. ஏன் அப்படி என்று ஒரு விளக்கக் குறிப்பும் கட்சி அமைப்புகளுக்குப் போனது. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியும் சிபிஐ (எம்எல்) லிபரேஷனும் அதை ஏற்கவில்லை. வெளியாளுக்கு இது தலைமுடியைப் பிளக்கிற வேலையாகத் தெரியும். ஆனால் பாசிசம் என்று சொல்லிவிட்டால் அதை எதிர்க்க எல்லாருடனும் கைகோக்க வேண்டிவரும். கேரளத்தில் காங்கிரஸ்தான் எதிரி என்கிற கட்சிக்கு அது சங்கடம். இந்தக் கணக்கு தெரிந்துவிட்டால் மேடைப் பேச்சில் 'பாசிசம்' என்ற சொல்லுக்கு முன்னால் யார் 'நவ' போடுகிறார்கள், யார் போடவில்லை என்று காது தானாகக் கவனிக்கும்.

போய்ச் சேர்ந்ததும்

பருத்திச் சட்டை, தேய்ந்தாலும் பரவாயில்லை என்கிற செருப்பு, தண்ணீர். ஏப்ரல் மாத மதுரையில் இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. மாட்டுத்தாவணியில் இறங்கினால் தமுக்கம் பக்கம்தான், காந்தி மியூசியத்தை ஒட்டி. சிவப்புச் சட்டை போட வேண்டாம், காவி வேட்டியும் வேண்டாம்.

யாராவது வந்து 'எந்த ஊர் தோழர்? எந்த இடைக்குழு?' என்று கேட்பார்கள். இடைக்குழு என்பது கிளைக்கும் மாவட்டக் குழுவுக்கும் நடுவில் இருப்பது. உண்மையைச் சொல்லுங்கள்: 'கட்சியில் இல்லீங்க தோழர், சும்மா பார்க்க வந்தேன்.' எதிரில் இருப்பவரைத் தோழர் என்று அழைப்பதால் நீங்கள் உறுப்பினர் ஆகிவிட மாட்டீர்கள். சார் என்றாலும் தவறில்லை, அண்ணே என்றால் இன்னும் சகஜமாகப் பேசுவார்கள். நோட்டும் பேனாவுமாகத் தனியாக ஓரத்தில் நிற்காதீர்கள். உளவுப்பிரிவு போலீஸ் என்று நினைத்துக்கொள்வார்கள். நிஜமாகவே அவர்களும் அங்கே நிற்பதால் அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். குறிப்பெடுப்பதை டீக்கடையில் வைத்துக்கொள்ளலாம்.

கொடியேற்றத்தின்போதும் தியாகிகள் அஞ்சலியின்போதும் எழுந்து நில்லுங்கள். கை முஷ்டியை உயர்த்த வேண்டியதில்லை, 'இன்குலாப் ஜிந்தாபாத்' சொல்ல வேண்டியதில்லை. யாரும் வற்புறுத்த மாட்டார்கள். மதுரை மாநாட்டுக்கான கொடி கீழவெண்மணியிலிருந்து வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்ட ஊர் அது. சேலம் சிறையில் 1950இல் சுட்டுக் கொல்லப்பட்ட 22 கைதிகள், குடிநீர்ப் பிரச்சினைக்காக நின்று 1997இல் வெட்டிக் கொல்லப்பட்ட மதுரை மாநகராட்சி உறுப்பினர் லீலாவதி போன்ற பெயர்களும் மதுரையில் இந்தக் கட்சியை விட்டுப் பிரியாதவை. கொள்கை பிடிக்காவிட்டாலும் இந்த இடத்தில் கைபேசியைச் சட்டைப்பைக்குள் போடுங்கள். சந்தேகப்படுவதற்கு அங்கே வேறு எவ்வளவோ இருக்கிறது.

புத்தகக் கடையும் உண்டியலும்

என்னைக் கேட்டால் மாநாட்டில் அதிக நேரம் நிற்க வேண்டிய இடம் புத்தகக் கடைதான். சிபிஎம் மாநாடு என்றால் பாரதி புத்தகாலயம், சிபிஐ என்றால் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ். மேசையின் முன்வரிசையில் மலிவு விலைச் சிறு பிரசுரங்கள் அடுக்கியிருப்பார்கள். அவற்றின் தலைப்பைப் பார்த்தாலே கட்சி இந்த ஆண்டு எதைப் பேச விரும்புகிறது என்று தெரிந்துவிடும். பின்வரிசையில் கெட்டி அட்டையில் மார்க்ஸ், லெனின். ஸ்டாலின் (ரஷ்ய ஸ்டாலினைச் சொல்கிறேன்) எந்த வரிசையில் இருக்கிறார் என்று பாருங்கள். அப்புறம் அம்பேத்கர், பெரியார் நூல்கள் எத்தனை இருக்கின்றன, அவற்றை யார் எடுத்துப் புரட்டுகிறார்கள் என்று கவனியுங்கள். பழைய தோழர் ஒருவர் லெனினைத் தொட்டுவிட்டு மூட்டுவலிக்கு இயற்கை மருத்துவம் சொல்லும் புத்தகத்தை வாங்கிப் போவார். கல்லூரிப் பெண் ஒருத்தி சாதி பற்றிய நூலைப் பின்அட்டை முழுவதும் படித்துவிட்டு, விலையைப் பார்த்துவிட்டு, கீழே வைத்து, ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி எடுப்பாள். கடைக்காரர் சும்மா இருக்கும் நேரம் பார்த்து 'எது தோழர் நல்லாப் போகுது?' என்று கேளுங்கள். அங்கே கிடைக்கும் பதிலைத் தலைவர் யாரும் தரமாட்டார்.

செந்தொண்டர் ஒருவர் உண்டியலைக் குலுக்கிக்கொண்டு வருவார். போடலாம், போடாமலும் இருக்கலாம். 'நாங்கள் கார்ப்பரேட்டிடம் வாங்குவதில்லை, மக்களிடம் வாங்குகிறோம்' என்று பெருமையாகச் சொல்வார்கள், சொல்லிக்கொள்ள நியாயமும் இருக்கிறது. தேர்தல் பத்திரம் (பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்கு நன்கொடை தரும் முறை) வாங்க மாட்டோம் என்று இருந்த கட்சி சிபிஎம், அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. ஆனால் 2019 மக்களவைத் தேர்தலில் திமுக தேர்தல் ஆணையத்திடம் கொடுத்த செலவுக் கணக்கில் சிபிஐக்கு 15 கோடி, சிபிஎம்முக்கு 10 கோடி என்று வந்ததையும் நினைவில் வைத்திருங்கள். இதைக் கேட்டால் 'கூட்டணித் தேர்தல் செலவு, வங்கி வழியாக வந்தது, கணக்கில் காட்டினோம்' என்பார்கள். அது உண்மைதான். அந்தப் பணத்தை வாங்கியபின் கூட்டணித் தலைமையை எவ்வளவு தூரம் எதிர்த்துப் பேச முடிகிறது என்பதுதான் அடுத்த கேள்வி.

கருத்தரங்கில் எதைக் கேட்பது

ஏப்ரல் 3 அன்று தமுக்கத்தில் கூட்டாட்சி பற்றிய கருத்தரங்கில் அப்போது தமிழ்நாட்டு முதல்வராக இருந்த மு.க.ஸ்டாலின், கேரள முதல்வராக இருந்த பினராயி விஜயன், பிரகாஷ் காரத் ஒரே மேடையில் இருந்தார்கள். இப்படிப்பட்ட நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் ஓரத்து நாற்காலியாகப் பிடியுங்கள். நடுவில் மாட்டிக்கொண்டால் பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் முடியும்வரை எழுந்து வர முடியாது.

பேசப்பட்டது மறுநாள் பேப்பரில் வந்துவிடும். பேசப்படாததை நீங்கள்தான் கேட்க வேண்டும். அந்த மேடைக்குச் சில மாதம் முன்புதான் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் சிபிஎம் சார்பு தொழிற்சங்கமான சிஐடியு தலைமையில் ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். போராட்டப் பந்தலைப் பிரித்ததும் தொழிலாளர்களைக் கைது செய்ததும் திமுக அரசின் போலீஸ். 2025 ஜனவரியில் விழுப்புரம் மாநில மாநாட்டில் கட்சியின் அப்போதைய மாநிலச் செயலாளர் கே.பாலகிருஷ்ணன், தமிழ்நாட்டில் அறிவிக்கப்படாத அவசரநிலையா என்று கேட்டார். திமுக நாளிதழ் முரசொலி சூடாகப் பதில் எழுதியது. ஏப்ரலில் அதே கட்சியின் மாநாட்டில் முதல்வருக்கு வரவேற்பு.

கேரளப் பக்கமும் ஒரு மௌனம் இருந்தது. மதுரையில் மாநாடு நடந்த அதே நாட்களில் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்துக்கு வெளியே ஆஷா பணியாளர்கள் (ஊர்களில் சுகாதாரப் பணி செய்யும் பெண்கள்) ஊதிய உயர்வு கேட்டுப் போராடிக்கொண்டிருந்தார்கள். பிப்ரவரி 10 அன்று தொடங்கிய போராட்டம் அது. எதிரில் இருந்தது இடதுசாரி அரசு. மத்திய அரசு நிதி தரவில்லை, போராட்டத்தை நடத்துவது வேறு அமைப்பு என்று கேரளத் தோழர்கள் விளக்கம் சொல்வார்கள். விளக்கத்தை முழுதாகக் கேளுங்கள். சொல்கிறவர் முகத்தில் தர்மசங்கடம் தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால் அவர் பேசத் தகுந்த ஆள்.

யாரிடம் என்ன கேட்பது

'சோவியத் யூனியன்தான் உடைந்துவிட்டதே, இன்னும் எதற்கு?' என்று ஆரம்பிக்காதீர்கள். 1991 முதல் இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எல்லாரும் பதிலை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். உங்களுக்கும் புதிதாக ஒன்றும் தெரியவராது, டீ ஆறிப்போகும்.

சின்னதாகக் கேளுங்கள். உங்கள் கிளையில் எத்தனை பேர்? கடைசியாக எப்போது கூடினீர்கள்? லெவி (வருமானத்திலிருந்து கட்சிக்குத் தரும் பங்கு) எவ்வளவு கட்டுகிறீர்கள்? கடைசியாக எதற்கு மனு கொடுத்தீர்கள், நடந்ததா? உங்கள் பிள்ளைகள் கட்சியில் இருக்கிறார்களா? கடைசிக் கேள்விக்குப் பலர் சிரிப்பார்கள், சிலர் பேச்சை மாற்றுவார்கள். பட்டா, ரேஷன் கடை, நூறு நாள் வேலைச் சம்பளப் பாக்கி என்று விவரமாகச் சொல்கிறவரிடம் அரை மணி நேரம் உட்காருங்கள். கட்சி எங்கே உயிரோடு இருக்கிறது, எங்கே பெயருக்கு இருக்கிறது என்பது அந்தப் பேச்சில் வந்துவிடும். தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்த மலைவாழ் மக்கள் சங்கத்துக்காரர் கிடைத்தால் வாச்சாத்தியைப் பற்றிக் கேளுங்கள். அந்த மலைவாழ் மக்கள் ஊரில் வனத்துறையினரும் போலீசாரும் 1992இல் செய்த கொடுமைக்கு 2011இல் தண்டனை, 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இத்தனை காலம் அந்த வழக்கை விடாமல் பிடித்திருந்தவர்களில் ஒருவர் பெ.சண்முகம். விழுப்புரத்தில் மாநிலச் செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் தலித். இதைக் குறித்துக்கொள்ளும் அதே நோட்டில், கட்சியின் உச்ச அமைப்பான அரசியல் தலைமைக்குழுவுக்கு முதல் தலித் உறுப்பினர் வந்தது 2022இல், கட்சி பிறந்து 58 ஆண்டு கழித்து என்பதையும் எழுதுங்கள்.

கடைசி நாள்

அணிவகுப்பையும் பொதுக்கூட்டத்தையும் தவறவிடாதீர்கள். ஆனால் கூட்டத்தை எண்ண முயல வேண்டாம். லட்சம் என்று அவர்கள் சொல்வார்கள், பாதிகூட இல்லை என்று மற்றவர்கள் சொல்வார்கள், உங்களுக்கும் தெரியப்போவதில்லை. அதற்குப் பதிலாக வேன்கள் நிற்கிற இடத்துக்குப் போய் முன்கண்ணாடியில் ஒட்டிய ஊர்ப்பெயர்களைப் படியுங்கள். எந்த மாவட்டத்திலிருந்து வந்திருக்கிறார்கள், எங்கிருந்து வரவில்லை என்பது அதில் தெரியும். அணிவகுப்பில் முப்பது வயதுக்குக் கீழே எத்தனை முகம், மேடையில் எத்தனை முகம் என்றும் பாருங்கள். திரும்ப பஸ் கிடைக்காது. கூட்டம் முடிவதற்கு அரை மணி நேரம் முன்பே கிளம்பிவிடுங்கள், நன்றியுரையைத் தவறவிட்டால் நஷ்டமில்லை.

வீட்டுக்கு வந்தபின்

மறுநாள் சிபிஎம் நாளிதழான தீக்கதிரையும் வேறு ஒரு நாளிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். தேர்வான மத்தியக் குழுப் பட்டியல்தான் முதல் தடயம். பழைய குழு ஒரு பட்டியலை முன்மொழியும், பிரதிநிதி யாரும் மாற்றுப் பெயர் சொல்லலாம், போட்டி வந்தால் ரகசிய வாக்கெடுப்பு. பெரும்பாலும் போட்டி வராது. மதுரையில் வந்தது. மகாராஷ்டிரத்தின் டி.எல்.கராட் நின்று தோற்றார். எம்.ஏ.பேபி பொதுச்செயலாளர் ஆனதைத் தலைப்பாகப் போட்ட பத்திரிகைகளில் இது உள்பக்கத்துச் செய்தி. எனக்கு இதுதான் பெரிய செய்தி.

75 வயது உச்சவரம்பு இரண்டாவது தடயம். அதன்படி பிரகாஷ் காரத், பிருந்தா காரத், மாணிக் சர்க்கார், ஜி.ராமகிருஷ்ணன் எல்லாரும் அரசியல் தலைமைக்குழுவிலிருந்து விலகினார்கள். பினராயி விஜயனுக்கு விலக்கு. வயதானவர்கள் ஒரே நாளில் இத்தனை பேர் இறங்கிப்போவது வேறு எந்தக் கட்சியில் நடக்கும் என்று கேட்பவரும் சரி, அப்போது ஆட்சியில் இருந்தவருக்கு மட்டும் விதி வளைந்ததே என்று கேட்பவரும் சரி, இருவருமே ஒரே பட்டியலைத்தான் காட்டுகிறார்கள்.

மூன்றாவது, இறுதித் தீர்மானம். வெளியானதும் வாங்கி, நகலோடு பத்தி பத்தியாக ஒப்பிடுங்கள். மாறிய சொற்களுக்குக் கீழே கோடு போடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

விதிப்படி அடுத்த அகில இந்திய மாநாடு 2028 வாக்கில் வரும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அதற்கு முந்தைய மாதங்களில் கிளை, இடைக்குழு, மாவட்டம், மாநிலம் என்று கீழிருந்து மாநாடுகள் வரிசையாக நடக்கும். உங்கள் ஊர் இடைக்குழு மாநாட்டின் பொதுக்கூட்டம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாலை ஆறு மணி என்று போஸ்டர் ஒட்டுவார்கள். ஏழரைக்குத்தான் தொடங்கும்.